பதினேழாம் தேதி, காலை ஒன்பது நாற்பது

பொன்னுரங்கம் சாரை நான் பழிவாங்கினேன். ஏதோ தற்செயலாக நடந்துவிட்டது, நேரம் அப்படி அமைந்துவிட்டது என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன். ஐந்து மாதம் காத்திருந்து, நாள் பார்த்து, ஆள் பார்த்துச் செய்தேன். அதில் நான் இழந்ததும் கொஞ்சமில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரி. தாவரவியலில் அவர் துறைத்தலைவர், நான் உதவிப் பேராசிரியர். என் பெயர் தமிழ்மொழி. ஊர் நைனார்பாளையம். அப்பா பிச்சைமுத்து கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா களையெடுக்கப் போகிறவர். சேர்ந்த முதல் இரண்டு வருடம் எனக்குத் தகுதிகாண் பருவம். அது முடியும்போது துறைத்தலைவர் என் கோப்பில் ‘பணி திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் அப்பாவோடு நானும் கரும்புக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த இரண்டு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னை ஆட்டிவைத்தார்.

நான் பக்கத்துத் துறை ஆட்களோடு பேசினால் என்ன பேசினேன் என்று கேட்பார். ஆசிரியர் ஓய்வறையில் உட்காரக் கூடாது, துறையிலேயே உட்கார வேண்டும். போன் இரண்டு முறை அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். உலர்த்திய செடிகள் இருக்கும் அறைக்கு ஒரே சாவி, அது அவர் சட்டைப்பையில் இருக்கும். தினமும் போய் நின்று கேட்டு வாங்கி, நாலு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தக் கடிதம் கொடுத்தாலும் தேதி, நேரம், இடம், காரணம் நான்கும் இருக்க வேண்டும். என் அத்தை செத்த அன்று கொடுத்த விடுப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“செத்த நேரம் போடலியேம்மா,” என்றார். “முழு விவரம் இல்லாம நான் எப்படி கையெழுத்து போட்றது?”

வீட்டுக்குப் போன் போட்டு, அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் “எத்தனை மணிக்கும்மா உயிர் போச்சு” என்று கேட்டேன். அவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலை நாலு இருபது என்று எழுதிக் கொடுத்த பிறகு கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அந்த மனிதனை மனதார வெறுத்துவிட்டேன்.

கல்வராயன் மலைச் செடிகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சித் திட்டம் அவர் பெயரில் இருந்தது. வனத்துறை அனுமதியும் அவர் பெயரில்தான். மலை ஏறுகிறவள் மட்டும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போவேன். அவர் ஒரே ஒரு தடவை காரில் புறப்பட்டு, மலைப்பாதையின் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துத் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பறித்து வரும் செடியை அழுத்தி, உலர்த்தி, கெட்டித்தாளில் ஒட்டுவோம். தாளின் கீழ் மூலையில் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், கிடைத்த இடம், தேதி, நேரம், சேகரித்தவர் பெயர். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அந்தச் சீட்டுதான் செடிக்குச் சாட்சி. இரண்டு வருடத்தில் நான் கொண்டுவந்த செடிகள் நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு சீட்டையும் என் கையால் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ‘சேகரித்தவர்: முனைவர் பொ. பொன்னுரங்கம்’ என்று எழுதவைத்தார். இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தால் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்வார். சீட்டில் அவர் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். மற்றதெல்லாம் அவருக்குக் கண்ணில் படாது.

2024 நவம்பரில் அவர் மகளுக்குக் கல்யாணம். கல்லூரியில் முதல்வர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார். எங்கள் ஆய்வக உதவியாளர் காஜா மைதீனுக்கு வீட்டுக்கே போய் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. சாவி வாங்கப் போனபோது அவரே பேச்சை எடுத்தார்.

“மொழி, அன்னிக்கு நீ மலைக்குப் போய்டு. மழை விட்டிருக்கு, பாறையில பூ வந்திருக்கும். அடுத்த வாரம்னா உதிர்ந்துடும்.”

“கல்யாணம் சார்...”

“அங்க எல்லாம் பெரிய மனுஷங்க வருவாங்கம்மா. உங்கப்பா கரும்பு வெட்றாரே, அந்த நிலத்துக்காரங்க எங்க பங்காளிங்கதான். எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்தா உனக்கே சங்கடமா இருக்கும். உன் நல்லதுக்குதான் சொல்றேன்.”

என் நல்லதுக்குத்தானாம். வாய் கூசாமல் சொன்னார். நான் சாவியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். அப்படித் தலையாட்டியதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கல்யாணத்தன்று, பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நான் வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில் நின்றிருந்தேன். வழி காட்ட வந்த பெரியம்மாள் மலைக்காரி, என்னைவிட வேகமாக நடப்பவள். பாறை முழுக்க நீர் வழிந்துகொண்டிருந்தது. ஏறும்போது சறுக்கி விழுந்து என் வலது முட்டி கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தவள், முட்டிக்குப் பக்கத்திலேயே அந்தச் செடியைப் பார்த்தேன். விரல் நீளம் கூட இல்லை. வெள்ளைப் பூ, இதழில் இரண்டு ஊதாக் கோடு. பாறை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வகை. அந்த வகையில் நான் படித்த எதிலும் இரட்டைக் கோடு கிடையாது. வலியை மறந்துவிட்டேன். நோட்டில் நேரம் குறித்தேன்: காலை 9.40. போனில் படமெடுத்தேன். கால் மடக்க முடியாததால் என் முட்டியும் படத்தில் விழுந்தது.

“பூவ அப்புறம் பாரு, மொதல்ல கால காட்டு,” என்று பெரியம்மாள் தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

ஒரு மாதம் நுண்ணோக்கியும் புத்தகமுமாகக் கிடந்தேன். இதுவரை யாரும் பெயர் வைக்காத செடி என்பது உறுதியானது. நான் சொன்னபோது பொன்னுரங்கம் சாருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். உட்காரவைத்து, கட்டுரையை எழுதச் சொன்னார்.

எழுதினேன். ஆசிரியர் வரிசையில் அவர் பெயரையும் என் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்த பிரதியில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது: ‘தட்டச்சு உதவி: செல்வி தமிழ்மொழி’.

“சார், கண்டுபிடிச்சது நான் சார்.”

“மலைக்கு அனுப்புனது யாரு? பர்மிஷன் யாரு பேர்ல? நாள பின்ன உனக்கும் ஒரு செடி கெடைக்கும், அப்ப பாத்துக்கலாம். இப்பதான வேலைக்கு வந்த, அதுக்குள்ள இன்னா அவசரம்?” என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து என் கோப்பை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் திருத்திய பிரதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். புதுப் பெயருக்கு ஆதாரமாகக் காட்டும் முதன்மை மாதிரியின் விவரம் வந்தது. சேகரித்தவர் பொ. பொன்னுரங்கம். தேதி 17.xi.2024. எங்கள் வழக்கத்தில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவோம். நேரம் காலை 9.40. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த நாளில், அந்த நேரத்தில், இந்த மனிதர் எங்கே இருந்தார் என்பது கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம்.

அவர் தன் மகள் கல்யாண நாளை மறந்தவரில்லை. அவர் மனதில் அது கார்த்திகை இரண்டு. சீட்டில் இருக்கும் எண்களை அவர் ஒரு நாளும் படித்ததில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு செடிக்குப் புதிதாகப் பெயர் வைத்து அச்சில் வெளியிட்டால், அந்தப் பெயருக்குப் பின்னால் வைத்தவரின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் யார் எழுதினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அச்சாகிவிட்டால் மாற்ற முடியாது. கட்டுரையையே அதை வெளியிட்ட பத்திரிகை திரும்பப் பெற்றாலும், பெயர் வைத்தவர் பெயர் வைத்தவர்தான். எங்கள் துறையின் சட்டம் அது.

அதனால் எனக்கு இரண்டு வழி இருந்தது. அச்சாவதற்கு முன்பே பத்திரிகை ஆசிரியருக்கு எழுதி, நோட்டையும் போட்டோவையும் அனுப்பலாம். விசாரிப்பார்கள், என் பெயரைச் சேர்ப்பார்கள், செடி என்னுடையதாகும். ஆனால் பொன்னுரங்கம் சார் “ஏதோ சின்ன தவறு, பெண்ணுக்கு அவசரம்” என்று சொல்லித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அச்சான பிறகு என்றால் அவர் என் கையில். ஆனால் செடி போய்விடும், என்றைக்கும் திரும்பி வராது. செடியா, அவரா என்று ஒரு வாரம் நைனார்பாளையம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். ஆசிரியருக்கு மின்னஞ்சல் கூட எழுதி வைத்தேன். ஒரு நாள் சின்னசேலம் தாண்டும்போது அதை அழித்தேன்.

எனக்கு அவர்தான் வேண்டியிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டேன். போன் ஒரு முறை அடிப்பதற்குள் எடுத்தேன். என் நோட்டு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார். கொடுத்தேன், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு. ஜூன் மாதம் என் கோப்பில் கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. அவருக்கு எங்கேயோ ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

“ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. செடிய நான்தான் கண்டுபுடிச்சேன், உனக்கு அதுல சம்பந்தம் இல்லன்னு. அப்புறம் இந்த பேச்சே வரக்கூடாது பாரு.”

“எழுதுறேன் சார். முழு விவரத்தோட எழுதுறேன்.”

எழுதினேன். ‘17.xi.2024 அன்று காலை 9.40 மணிக்கு, வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஓடைப் பாறையில், துறைத்தலைவர் அவர்களே நேரில் சென்று இச்செடியைக் கண்டெடுத்தார். நான் அன்று உடன் செல்லவில்லை.’ தேதி, நேரம், இடம், எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தபடி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பேனாவை எடுத்தார். ‘கண்டெடுத்தார்’ என்பதை ‘கண்டெடுத்தார்கள்’ என்று திருத்தினார். மரியாதை குறைந்துவிட்டதாம். கீழே ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். பிறகு என் கோப்பை எடுத்து ‘பணி மிகவும் திருப்தி’ என்று எழுதினார்.

கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்க என்னையே அனுப்பினார். இரண்டு பிரதி எடுத்தேன்.

ஜூலை நடுவில் நிரந்தர ஆணை கைக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் கட்டுரை அச்சில் வந்தது. செடிக்குக் கல்வராயன் மலையின் பெயரை வைத்திருந்தார், பின்னால் தன் பெயர். ஆகஸ்டில் கல்லூரி அரங்கில் விழா ஏற்பாடு செய்தார். கோயம்புத்தூரிலிருந்து செடிகளை வகைப்படுத்துவதில் பேர்பெற்ற பேராசிரியர் தேவிப்ரியாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். திரையில் படம் ஓட்டுகிற வேலை எனக்கு.

“உன்னத் தவிர யாருக்கும்மா இது தெரியும்,” என்றார், பாராட்டுகிற மாதிரி.

கூட்டம் சேர்ப்பதும் என் வேலைதான். ரிஷிவந்தியத்தில் இருக்கும் அவர் சம்பந்தி செல்லமுத்துவுக்கு வாட்ஸப்பில் அழைப்பு அனுப்பினால் போதும் என்றார். எனக்குப் போதவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், அவருடைய அரிசி மண்டியில் நேரில் கொடுத்தேன். கல்யாணத்தைப் பற்றி காஜா மைதீன் சொன்னது எனக்கு நினைவிருந்தது: “சம்பந்தி இருக்காரே மேடம், அவருக்கு மைக்கே வேணாம். மனசுல ஒண்ணு பட்டா மண்டபத்துக்கே கேக்கும்.” அப்படிப்பட்ட ஆளை நான் விடுவேனா? குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார இடம் ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷன். அவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

விழா அன்று அரங்கு நிறைந்துவிட்டது. பொன்னுரங்கம் சார் பட்டு வேட்டியில் வந்திருந்தார். முதல் வரிசையில் கல்லூரி முதல்வர், தேவிப்ரியா, செல்லமுத்து, அவர் மனைவி, மகன், மருமகள். பின்னால் மாணவர்கள். கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் காஜா மைதீன் நின்றிருந்தார்.

சார் பேசினார். நன்றாகத்தான் பேசினார். விடியும் முன் புறப்பட்டதையும் கச்சிராயபாளையத்தில் பஸ் மாறியதையும் சொன்னார். அட்டைப்பூச்சி கடித்ததைச் சொன்னார். எல்லாம் என் நோட்டில் இருந்தவை. பிறகு வலது முட்டியைத் தடவிக் காட்டினார்.

“பாறை ஏறச்சொல்ல வழுக்கி வுழுந்தேன். முட்டி கிழிஞ்சி ரத்தம். அந்த மலைக்கார அம்மா முந்தானைய கிழிச்சி கட்டுனாங்க. அப்பதான், ரத்தத்துக்குப் பக்கத்துல, இந்தப் பூவ பாத்தேன்.”

மாணவர்கள் கைதட்டினார்கள். என் ரத்தத்துக்குக் கைதட்டினார்கள். அதுவரைக்கும் என் மனதின் ஒரு மூலையில், வேண்டாம், விட்டுவிடலாம் என்று ஒரு குரல் இருந்தது. அந்தக் கைதட்டலோடு அது செத்தது.

நான் சீட்டின் படத்தைத் திரை முழுவதும் வருமாறு பெரிதாக்கினேன். பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தேன்.

“சார், பசங்க நோட்ல எழுதிக்கட்டும். அந்த தேதியும் நேரமும் நீங்களே படிச்சி சொல்லுங்க சார்.”

அவருக்குச் சந்தோஷம். திரும்பித் திரையைப் பார்த்து உரக்கப் படித்தார். “பதினேழு, பதினொண்ணு, ரெண்டாயிரத்து இருவத்தி நாலு. காலைல மணி ஒம்போது நாப்பது.” வருடத்தைச் சொல்லும்போதே குரல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் சொல்லி முடித்துவிட்டார்.

செல்லமுத்து எழுந்து நின்றார். காஜா மைதீன் சொன்னது சரி, மைக் தேவைப்படவில்லை.

“இன்னா சம்பந்தி, பதினேழுங்கறீங்க? அன்னிக்கி நம்ம வூட்டு கல்யாணமாச்சே.”

அரங்கில் யாரோ சிரித்தார்கள். அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். “ஒம்போதரைக்கு நீங்க மேடையில பொண்ண தாரை வார்த்து குடுத்துக்கினு இருந்தீங்க. இதோ பிரின்சிபால் ஐயா கூட அட்சதை போட்டாரே. யாரோ தப்பா எழுதிக்கினு இருக்காங்க, நல்லா பாக்கச் சொல்லுங்க.”

முதல்வர் திரையைப் பார்த்தார், பிறகு பொன்னுரங்கம் சாரைப் பார்த்தார். மருமகள், அதாவது சாரின் மகள், தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமா, ஆமா,” என்றார் சார். “எழுதுன ஆளு தப்பு. ஏம்மா மொழி, இன்னா எழுதி வச்சிருக்க நீ? ஒரு தேதி ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு?”

அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அடுத்த படத்தைப் போட்டேன். என் கடிதம். அதே தேதி, அதே நேரம், கீழே ‘சரிபார்த்தேன்’, கையெழுத்து, முத்திரை.

“நீங்க பாத்து திருத்தி கையெழுத்து போட்டது சார். ‘கண்டெடுத்தார்கள்’னு மாத்துனது கூட உங்க கையெழுத்துதான்.”

அடுத்த படத்தையும் போட்டேன். பாறை, நீர், வெள்ளைப் பூ. பூவுக்குப் பக்கத்தில் மடங்காமல் நீண்ட ஒரு கால், ஏற்றிவிட்ட சுடிதார், ரத்தம் வழியும் முட்டி. கீழே போன் பதித்த நாளும் நேரமும்.

தேவிப்ரியா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பொன்னுரங்கம் சாரிடம் அமைதியாகக் கேட்டார். “இந்தப் படத்துல இருக்கற கால் யாருது சார்?”

சார் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை. இப்படிச் சொல்வது அழகில்லைதான், ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான நிமிடம் வேறு இல்லை.

“என்னுது மேடம்,” என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் அலுவலக வேலை. முதல்வர் அறையில் என்னை உட்காரவைத்து, பொய்க் கடிதம் எழுதியது நீயும்தானே என்று மிரட்டினார்கள். ஆமாம், என் கோப்பு அவர் பூட்டிய இழுப்பறையில் இருந்தது, அதனால் எழுதினேன் என்றேன். அதையே எழுத்தில் கொடு என்றார்கள். தேதி, நேரம், இடம், காரணத்தோடு கொடுத்தேன். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் கிடைத்தது. அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தார்கள். விசாரணை முடிவதற்குள் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போனவர், திரும்பி வராமலே ஓய்வு வாங்கிக்கொண்டார். சம்பந்தி வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்று காஜா மைதீன் சொன்னார். கடைத்தெருவில் அவரைப் பார்ப்பவர்கள் “இன்னா சார், மலைக்கா?” என்று கேட்கிறார்களாம். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போகும்போது இரண்டு மூன்று முறை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

தேவிப்ரியா செப்டம்பரில் போன் செய்தார். பத்திரிகைக்கு அவரே எல்லா ஆதாரத்தையும் அனுப்பியிருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள்.

“ஆனா பேரு நிக்கும்,” என்றார். “அது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் மேடம்.”

“பிப்ரவரியிலயே உங்களுக்குத் தேதி விஷயம் தெரிஞ்சிருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டிருந்தா உங்க பேர் வந்திருக்கும். ஏன் போடல?”

கேட்டவர் பெரியவர், நல்லவர். அவரிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“போட்டிருந்தா யாரும் பாத்திருக்க மாட்டாங்க மேடம்.”

“புரியுது,” என்று மட்டும் சொன்னார். புரிந்தது என்ற மாதிரிதான் இருந்தது. மெச்சிய மாதிரி இல்லை. போனை வைத்த பிறகு ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பொன்னுரங்கம் சாருக்காக ஒரு சொட்டு இல்லை, செடிக்காகத்தான் எல்லாம். முட்டியைக் கிழித்துக்கொண்டு கண்டெடுத்ததை என் கையாலேயே அவருக்கு எழுதிவைத்திருக்கிறேன். இன்னொரு தடவை அதே பிப்ரவரி வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த மின்னஞ்சலை மறுபடியும் அழிப்பேன். அதுதான் உண்மை.

இப்போது செடி அறைச் சாவி யார் சட்டைப்பையிலும் இல்லை, ஆய்வகக் கதவில் ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். போன வாரம் முதலாண்டு வகுப்பில் நம் மாவட்டத்துச் செடிகள் பாடம். கல்வராயன் மலைச் செடி வந்தபோது பலகையில் எழுதினேன். முதலில் செடியின் பெயர். எழுதாமல் விட முடியாது என்பதால், அதன் பின்னால் அவர் பெயரும். கை கொஞ்சம் அழுத்திவிட்டது, சாக்பீஸ் உடைந்தது.

முன்பெஞ்சிலிருந்து சுபஸ்ரீ கை தூக்கினாள். தச்சூர்ப் பக்கத்துப் பெண், எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

“மேடம், பின்னாடி ஒருத்தர் பேரு வருதே, அவரு யாரு?”

இந்தச் செடி இருக்கும்வரை பாடமும் இருக்கும். வருடா வருடம் ஒரு பிள்ளை இதைக் கேட்கும். எனக்கு இன்னும் இருபத்தேழு வருடம் வேலை இருக்கிறது. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சொல்றேன்,” என்றேன்.